செயற்கைப் பல் ஊன்றும்போது... மாத்திரை எப்போது? எத்தனை நாள்?

‘பல் போனால் சொல் போச்சு’ என்பார்கள். சொல் மட்டுமா? முறுக்கு போச்சு, சீடை போச்சு, நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சிரிப்பதும் போச்சு!

கழற்றி மாட்டும் பல்செட்டுக்குப் பதிலாக, தாடை எலும்பில் டைட்டானியம் திருகாணியை ஊன்றி, அதன்மேல் பல் கட்டும் ‘இம்ப்ளாண்ட்’ சிகிச்சை இப்போது நம் ஊர்களிலும் நடக்கிறது. மாமியாருக்கோ, அம்மாவுக்கோ, ஏன், உங்களுக்கேகூட டாக்டர் இதைச் சொல்லியிருக்கலாம். கூடவே, "எலும்பு கொஞ்சம் வைக்கணும், ஆன்டிபயாடிக் எழுதித் தரேன்" என்றும் சொல்லியிருப்பார். அந்த மருந்துச் சீட்டில்தான் பல பேருக்குக் குழப்பம்.

எலும்பு வைப்பது எதற்கு?

பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு நாளாக ஆகக் கரைந்து ஒடுங்கிவிடும். மண் இல்லாத தொட்டியில் செடி நிற்குமா? அதனால்தான் எலும்புத் தூள் வைத்து அந்த இடத்தை நிரப்புகிறார்கள். இந்தத் தூள் நம் உடம்பிலிருந்தே எடுத்ததாக இருக்கலாம். இன்னொரு மனிதருடைய எலும்பிலிருந்தோ, மாட்டெலும்பிலிருந்தோ பக்குவப்படுத்தியதாகவும் இருக்கலாம். முழுக்கச் செயற்கையானதும் உண்டு. சைவக் குடும்பத்தார் இதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

டைட்டானியம் எலும்போடு ஒட்டி உறவாடும் என்பதை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி பிரோனமார்க் 1952-ல் முயலின் கால் எலும்பில் தற்செயலாகக் கண்டார். 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இந்த முறையில் பல் பொருத்தினார். ஆனால் அந்த ஒட்டுதல் ஒரே நாளில் வருவதில்லை. சில மாதங்கள் பிடிக்கும். அதற்குள் கிருமி புகுந்துவிட்டால், செலவழித்த பணம், பட்ட வலி எல்லாம் வீண்.

முதல் வேளைதான் முக்கியம்

புதிதாக வைத்த எலும்புத் தூளுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. பிறகு சாப்பிடுகிற மருந்து ரத்தத்தின் வழியே அதற்குள் போய்ச் சேருவது கஷ்டம். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே மருந்து ரத்தத்தில் கலந்திருந்தால், தூளை நனைத்து உறைகிற ரத்தத்தோடு மருந்தும் உள்ளே போய்விடும். அதனால்தான் பெரும்பாலும் ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்பு 2 கிராம் அமாக்ஸிசிலின் கொடுக்கிறார்கள்.

பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் அறிக்கை 2013-ல் வெளிவந்தது. இப்படி முன்கூட்டியே மருந்து கொடுத்தால், 25 பேரில் ஒருவருக்கு இம்ப்ளாண்ட் ஆரம்பத்திலேயே தோற்றுப்போவதைத் தடுக்கலாம் என்று அது கணக்குச் சொன்னது. ஆகவே, "ஆபரேஷன் முடிஞ்சு வந்து போட்டுக்கறேன்" என்று அந்த வேளையைத் தள்ளிப் போடாதீர்கள்.

"பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு வேளைதான், எனக்கு மட்டும் ஏன் அஞ்சு நாள்?"

நல்ல கேள்விதான். சாதாரண இம்ப்ளாண்டுக்கு முன்கூட்டிய ஒரு வேளையே பலருக்குப் போதும். எலும்பு நிறைய வைத்தாலோ, சர்க்கரை வியாதி இருந்தாலோ சில டாக்டர்கள் மேலும் சில நாட்கள் கொடுக்கிறார்கள். "எனக்கு எத்தனை நாள்? ஏன்?" என்று அவரிடமே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? அவர் சொன்ன நாளுக்குக் குறைக்கவும் வேண்டாம், "இன்னும் ரெண்டு நாள் போட்டா நல்லதுதானே" என்று நீட்டவும் வேண்டாம்.

முன்கூட்டியே சொல்லுங்கள்

• பென்சிலின் ஊசியோ மாத்திரையோ எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால். அமாக்ஸிசிலினும் அதே குடும்பம்தான்.

• கர்ப்பமாக இருந்தால், குழந்தைக்குப் பால் கொடுத்தால். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைக் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள். வயிற்றிலுள்ள குழந்தையின் பற்களில் கறை படியும்.

• எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ, வருஷம் ஒரு ஊசியோ போட்டுக்கொண்டால். தாடைப் புண் ஆறுவதை இது பாதிக்கக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

• சர்க்கரை, இதய வால்வுக் கோளாறு இருந்தால்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமா? அதை விடாமல் எத்தனை மாத்திரை சாப்பிட்டும் பயனில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

வீக்கம் இரண்டு மூன்று நாள் இருப்பது சகஜம். அதற்குப் பிறகும் வீக்கமோ வலியோ கூடினால், காய்ச்சல் அடித்தால், சீழ் வந்தால் டாக்டரிடம் போங்கள். மருந்துக் கடையில் கேட்டு வேறு மாத்திரை வாங்காதீர்கள். உடம்பெல்லாம் தடிப்பு, முக வீக்கம், மூச்சு முட்டல் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி! தண்ணீராக வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். புண்ணில் கிராம்புத் தூள், மஞ்சள் தூள் எதையும் அடைக்காதீர்கள்.

அலமாரியில் மிச்சம் வைக்காதீர்கள்

நம் வீடுகளில் மிஞ்சிய மாத்திரை அஞ்சறைப் பெட்டிச் சாமான் மாதிரி பத்திரமாக இருக்கும். குழந்தைக்குச் சளி பிடித்தால், "பாட்டி பல்லுக்குச் சாப்பிட்டதுல பாதி குடு" என்போம். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. ஆனால் குழந்தையின் உடம்பிலுள்ள கிருமிகள் அந்த மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். நாளைக்கு அதே குழந்தைக்கு நிஜமாகவே நிமோனியா வந்தால், மருந்து கைவிட்டுவிடலாம். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங்கே, 1945-ல் நோபல் பரிசு உரையில் அரைகுறை அளவின் ஆபத்தைச் சொல்லி எச்சரித்திருக்கிறார்.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு தெரிகிறதா பாருங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. மத்திய அரசு 2016-ல் இதற்காகவே பிரசாரம் தொடங்கியது.

புதுப் பல் மாமியாருக்கு வேரூன்றட்டும். அவர் மாத்திரை பேரனின் வாய்க்குப் போக வேண்டாம்!