லாரி, ரயில், ஹோட்டல் அறை... பயணத்தில் ஆன்லைன் யோகா செய்யலாமா? கவனிக்க வேண்டியவை என்ன?

எண்ணூர் விரைவுச் சாலையில், எர்ணாவூர் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பது பழகிப்போன காட்சி. ஓட்டுநர்களுக்குத் தூக்கம், சாப்பாடு, காத்திருப்பு எல்லாமே கேபினில்தான். "இடுப்பு பிடிச்சிக்கிச்சு", "கால் மரத்துப் போச்சு" என்ற பேச்சு இங்கே சர்வ சாதாரணம்.

லாரி ஓட்டுநர் மட்டுமல்ல, வேலைக்காக அடிக்கடி வெளியூர், வெளிநாடு போகிற எல்லோருக்கும் இதே கதைதான். வீட்டில் தினமும் செய்த யோகா, பெட்டியைக் கட்டியதும் நின்றுவிடும். கையில் போன் இருக்கு, ஆன்லைன் வகுப்பும் இருக்கு. அப்போ பயணத்திலேயே தொடரலாமா? தொடரலாம். ஆனால் வீட்டில் செய்ததை அப்படியே செய்யக் கூடாது.

நீண்ட பயணம் உடம்பை என்ன செய்கிறது?

மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்த ஓட்டம் மந்தமாகும். 4 மணி நேரம் அல்லது அதற்கு மேல் அசையாமல் பயணித்தால், காலின் ஆழ்ந்த ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகும் என்று உலக சுகாதார அமைப்பு 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. விமானம் மட்டுமல்ல, ரயில், பேருந்து, காருக்கும் இது பொருந்தும். மொத்தத்தில் இந்த ஆபத்து குறைவுதான். ஆனாலும் கணுக்காலை அசைப்பதும், இடையிடையே எழுந்து நடப்பதும் எந்த ஆசனத்தையும் விட முக்கியம்.

லைவ் வகுப்பா, பதிவு செய்த வீடியோவா?

பெரிய வித்தியாசம் ஒன்றுதான். லைவ் வகுப்பில் ஆசிரியர் உங்களைப் பார்க்கிறார். பதிவு செய்த வீடியோ பார்க்காது. 8 மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்து, விறைத்த இடுப்போடு முன்பக்கம் குனிந்தால், "போதும், முட்டியை மடக்குங்க" என்று சொல்ல வீடியோவால் முடியாது.

ஆளுக்கு ஏற்றபடி யோகா என்பதைச் சென்னை பல பத்தாண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. நவீன யோகாவின் தந்தை எனப் பலராலும் சொல்லப்படும் டி.கிருஷ்ணமாச்சார்யா (1888–1989), தன் பிற்காலத்தைச் சென்னையில்தான் கழித்தார். வயது, உடல்நிலை, வேலை ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பயிற்சி அமைப்பது அவர் பாணி. அவர் மகன் டி.கே.வி.தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரமும் அந்த வழியில் வந்ததே.

ஆகவே வகுப்பில் சேர்ந்ததும் ஆசிரியரிடம் மூன்று விஷயம் சொல்லுங்க: எத்தனை மணி நேரம் பயணம் செய்தீர்கள், எங்கே வலி, இப்போது எவ்வளவு இடம் இருக்கிறது. கேமராவில் தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி போனை வையுங்க.

எங்கே, என்ன செய்யலாம்?

ரயில், பேருந்து: உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுவது, தோளை மேலே தூக்கி இறக்குவது, கழுத்தை மெதுவாகத் திருப்புவது போதும். ஓடுகிற வண்டியில் நின்றபடி ஆசனம் வேண்டவே வேண்டாம். வேலையிடத்தில் செய்வதற்காக ஆயுஷ் அமைச்சகம் அறிமுகப்படுத்திய 5 நிமிட 'ஒய்-பிரேக்' பயிற்சியும் உதவும்.

லாரி: வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கீழே இறங்கி, வண்டிகள் போகும் பக்கத்தைத் தவிர்த்துச் செய்யுங்க. ஓட்டும்போது வகுப்பை ஓடவிடாதீங்க, ஆடியோவாக இருந்தாலும் சரி. 'கண்ணை மூடி உடம்பைத் தளர விடுங்க' என்ற குரல் ஓட்டுநருக்கு ஆபத்து.

ஹோட்டல் அறை: வழுக்கும் டைல்ஸ் தரையில் துண்டை விரித்து நிற்கும் ஆசனம் செய்தால் கால் சறுக்கும். பாய் இல்லாவிட்டால் உட்கார்ந்து, படுத்துச் செய்யும் பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ளுங்க. சாப்பிட்டு 2, 3 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

மூச்சுப் பயிற்சிக்கு முன் காற்றைப் பாருங்க

எர்ணாவூரைச் சுற்றி மணலி, எண்ணூர் ஆலைகள், லாரிப் புகை, புழுதி. வெளியே வாடை அடிக்கும்போது ஆழ்ந்த மூச்சு இழுத்தால் அந்தக் காற்றும் சேர்ந்தே உள்ளே போகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றின் தரத்தைப் பார்க்கலாம், மணலி நிலைய அளவும் அதில் கிடைக்கும். காற்று மோசமாக இருந்தால் அன்று மூச்சுப் பயிற்சியைத் தள்ளிவையுங்க.

நேரம், டேட்டா

நம்ம ஊர் காலை 6 மணி வகுப்பு துபாயில் 4.30 மணி, சிங்கப்பூரில் 8.30 மணி. கிளம்பும் முன்பே மாலை வகுப்புக்கு மாற முடியுமா என்று கேட்டுவிடுங்க. ஒரு மணி நேர வீடியோ வகுப்புக்கு அரை ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகலாம். சிக்னல் விட்டுப்போகும் இடங்களுக்கு, ஏற்கெனவே ஆசிரியரிடம் கற்ற பயிற்சிகளை மட்டும் பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. புதிய ஆசனத்தை வீடியோ பார்த்துப் பயணத்தில் தொடங்க வேண்டாம்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் நீர் அழுத்த நோய், முதுகுத் தண்டு பிரச்னை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். தலைகீழ் ஆசனங்கள், வேகமான கபாலபாதி ஆகியவற்றை இவர்கள் தாமாகச் செய்யக் கூடாது.

பயணத்துக்குப் பிறகு ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு இருந்தால் அதை 'பிடிப்பு' என்று நினைத்து நீட்டி மடக்காதீங்க, தேய்த்தும் விடாதீங்க. உடனே மருத்துவரைப் பாருங்க. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் 108-ஐ அழையுங்க.

மற்றபடி, வீட்டில் ஒரு மணி நேரம் செய்தவர் பயணத்தில் 10 நிமிடம் செய்தாலும் நல்லதுதான். ஊர் திரும்பும்வரை பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அது போதும்.