பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி... திரும்பி வந்தால் சுவரெல்லாம் வைக்கோல்! - டி.வி-யை அதிரவைத்த 'வீடு மாற்றும்' நிகழ்ச்சிகளின் கதை

அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அழுதவர் திரையில் இல்லை.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் ஒரு வீடு. கண்களை மூடியபடி அழைத்து வரப்பட்ட கணவனும் மனைவியும், தங்கள் வீட்டு வரவேற்பறையின் நடுவில் நின்று கண் திறக்கிறார்கள். அந்த அறையில் செங்கல்லால் கட்டிய ஒரு கணப்பு உண்டு. குளிர்காலத்தில் தீ மூட்டிக் குளிர்காயும் இடம். 'எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், அதை மட்டும் தொட வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இப்போது பார்த்தால் அந்தச் செங்கல்லைக் காணோம். புதிதாகச் செய்த ஒரு மறைப்பு அதை முழுவதுமாக மூடியிருக்கிறது.

கணவர் ஏதோ பேசிச் சமாளிக்கிறார். மனைவி அறையைவிட்டே வெளியேறிவிடுகிறார். ஆனால், அவர் உடையில் மாட்டியிருந்த மைக் வேலை செய்துகொண்டே இருந்தது. பக்கத்து அறையில் அவர் விம்மி அழுத சத்தம் அப்படியே ஒளிபரப்பானது.

'டிரேடிங் ஸ்பேசஸ்' என்ற அந்த நிகழ்ச்சியை ரசிகர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது இந்த ஒரு காட்சிக்காகத்தான். டிசைனர் டக் வில்சன் அந்தக் கணப்பை மூட யோசனை சொன்னார், சரி. அவரோடு கூடமாட நின்று அந்த வேலையைச் செய்தது யார் தெரியுமா? அந்தப் பெண்ணே நம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்த அக்கம்பக்கத்தினர்!

எல்லாம் லண்டனில் ஆரம்பித்தது

இந்த விபரீத விளையாட்டுக்கு விதை போட்டது பிரிட்டன். 1996 செப்டம்பரில் பி.பி.சி-யின் இரண்டாவது சேனலில் 'சேஞ்சிங் ரூம்ஸ்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. உருவாக்கியவர் பீட்டர் பஸால்கெட். இவரின் கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஜோசப் பஸால்கெட்தான், 19-ம் நூற்றாண்டில் லண்டன் மாநகரத்தின் பாதாளச் சாக்கடையைக் கட்டிய இன்ஜினீயர். 'முன்னோர் வீட்டிலிருந்து கழிவை வெளியே கொண்டுபோனார், பேரன் அதை டி.வி வழியாகத் திரும்ப உள்ளே கொண்டுவருகிறார்' என்று பஸால்கெட்டைப் பிடிக்காதவர்கள் கிண்டல் அடிப்பதுண்டு. பின்னாளில் 'பிக் பிரதர்' நிகழ்ச்சியை பிரிட்டனுக்குக் கொண்டுவந்ததும் இவர்தான் என்பதால், கிண்டலுக்குப் பஞ்சமே இல்லை.

விதிமுறைகள் ரொம்ப எளிமை. அக்கம்பக்கத்தில் வசிக்கும் இரண்டு ஜோடிகள், அல்லது நெருங்கிய நண்பர்கள். தங்கள் வீட்டுச் சாவியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டே நாள். இவர்கள் வீட்டில் ஓர் அறையை அவர்களும், அவர்கள் வீட்டில் ஓர் அறையை இவர்களும் மாற்றியமைக்க வேண்டும். ஆளுக்கொரு டிசைனர் துணைக்கு வருவார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு தச்சர். செலவுக்குக் கொடுப்பது 500 பவுண்டு. அந்த இரண்டு நாளும் சொந்த வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. பரிசும் கிடையாது. கிடைப்பது ஓர் அறை. அது பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். பிடிக்காவிட்டாலும் மறுநாள் காலையில் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்தால், அதைச் செய்தவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இதைவிட வேறு 'டாஸ்க்' தேவையா என்ன?

நிகழ்ச்சி சூப்பர் ஹிட். 1998-ல் பி.பி.சி-யின் முதன்மைச் சேனலுக்கு மாறியது. உச்சத்தில் இருந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். தொகுப்பாளர் கேரல் ஸ்மைலி, முழங்கை லேஸும் வெல்வெட் கோட்டுமாக ராஜா காலத்து ஆள்போல வலம்வந்த டிசைனர் லாரன்ஸ் லுவெல்லின் போவன், 'ஹேண்டி ஆண்டி' என்று செல்லப்பெயர் பெற்ற தச்சர் ஆண்டி கேன் என எல்லோரும் பிரபலங்கள் ஆனார்கள். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகைக்கு இந்த நிகழ்ச்சி அளவுக்கு வேறு யாரும் விளம்பரம் செய்திருக்க முடியாது. கட்டில், அலமாரி, தடுப்பு, சிம்மாசனம்... எதுவானாலும் எம்.டி.எஃப்-தான். விலை குறைவு. சீக்கிரம் அறுக்கலாம். பெயின்ட் அடித்துவிட்டால் கேமராவுக்கு என்ன மரம் என்று தெரியவா போகிறது!

1,000 டாலர், 48 மணி நேரம்

2000-ம் ஆண்டில் டி.எல்.சி சேனல் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. பெயர் 'டிரேடிங் ஸ்பேசஸ்'. பட்ஜெட் 1,000 டாலர். முதல் சீஸனை அலெக்ஸ் மெக்லியாட் தொகுத்து வழங்கினார். அடுத்து வந்த பேஜ் டேவிஸ்தான் நிகழ்ச்சியின் முகமாகவே மாறினார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மக்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கி, வீட்டின் மீது கவனத்தைத் திருப்பியதும் இதன் வெற்றிக்கு ஒரு காரணம் என்று அப்போது பலரும் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால், 'அடுத்தவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது' என்று பார்க்கும் ஆசைக்கு அவ்வளவு பெரிய காரணம் தேவையில்லை.

'ஆயிரம் டாலரில் ஓர் அறையை இவ்வளவு மாற்ற முடியுமா?' என்று பார்ப்பவர்கள் வாய் பிளந்தார்கள். அங்கேதான் சூட்சுமம். டிசைனர் சம்பளம், தச்சர் கூலி எதுவும் அந்தக் கணக்கில் வராது. பெயின்ட் அடிக்கும் ஆட்கள்? அவர்கள்தான் இலவசமாகக் கிடைத்திருக்கிறார்களே... பக்கத்து வீட்டுக்காரர்கள்! முதல் நாள் முடிந்து டிசைனர்கள் கிளம்பும்போது இவர்களுக்கு 'ஹோம்வொர்க்' கொடுத்துவிட்டுப் போவார்கள். சுவருக்கு இன்னொரு கோட் பெயின்ட், நாற்காலிகளுக்குத் துணி மாற்றுவது என்று ராத்திரி வெகுநேரம் வரை வேலை நடக்கும். இதே வேலையைச் சொந்தமாகச் செய்து பார்க்கலாம் என்று கடைக்குப் போனவர்கள், தச்சரின் கூலியைக் கேட்டதும் கணக்கைத் திருத்தியிருப்பார்கள்.

வந்தது ஹில்டியா... வயிற்றில் புளி!

எந்த டிசைனர் எந்த வீட்டுக்கு என்பதில்தான் மொத்தப் படபடப்பும். வெர்ன் யிப் வந்தால் நிம்மதி. அளவெடுத்து, அமைதியான நிறங்களில், பார்த்துப் பார்த்துச் செய்வார். ஃப்ராங்க் பீலெக் வந்தால் கைவினைப் பொருளும் கலகலப்புமாகப் போகும். (அந்த ஜாலி மனிதர் 2020-ல் மறைந்துவிட்டார்.)

ஹில்டி சான்டோ தாமஸ் வந்தால்?

ஒரு வீட்டில் சுவர் முழுக்கப் பசை தடவி வைக்கோலை ஒட்டினார். இன்னொரு வீட்டில், குளியலறைச் சுவரில் ஆயிரக்கணக்கான செயற்கைப் பூக்களை ஸ்டேப்ளர் பின் அடித்து மாட்டினார். தினமும் சுடுநீர் ஆவி படியும் சுவரில் துணிப் பூ! அதைத் துடைப்பது யார், எப்படி என்ற கேள்விக்கெல்லாம் 48 மணி நேரத்தில் இடம் இல்லை. ஓர் அறையில் தரையில் மணலைக் கொட்டிக் கடற்கரை ஆக்கினார். இன்னோர் அறையில் நாற்காலி, மேஜையை எல்லாம் தலைகீழாக மேற்கூரையில் மாட்டினார்.

ஹில்டியைத் திட்டாத ரசிகர் இல்லை. அவர் வரும் எபிசோடைத் தவறவிட்ட ரசிகரும் இல்லை. நியாயமாகச் சொன்னால், பார்க்கிறவர்களுக்கு ஹில்டி வேண்டும். ஆனால், தங்கள் வீட்டுக்கு வெர்ன் யிப்தான் வர வேண்டும்.

இதில் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரவழைக்கும் ஒரு சமாசாரம் உண்டு. அந்த டிசைனர்களுக்குப் பரம எதிரி, சீலிங் ஃபேன்! அறையின் அழகைக் கெடுக்கிறது என்று வந்ததும் அதைக் கழற்றச் சொல்வார்கள். 'ஐயோ, அது இல்லாமல் அவர்களால் தூங்க முடியாது' என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மல்லுக்கட்டுவார்கள். எபிசோடுக்கு எபிசோடு நடந்த இந்தச் சண்டை, நிகழ்ச்சியின் தனி டிராக்காகவே ஆனது.

அந்தச் சண்டையைக் கொஞ்சம் கவனித்தால் பக்கத்து வீட்டுக்காரர்களின் தர்மசங்கடம் புரியும். டிசைனருக்கு அந்த வீட்டில் வசிப்பவர்களைத் தெரியாது. அவர்களுக்குப் பழுப்பு நிறம் பிடிக்காது, அந்த நாற்காலி பாட்டி கொடுத்தது, குழந்தைக்குத் தூசு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அந்த அறையில் நிற்கிறவர்களில் பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய ஒரே ஆளும் அவர்தான். ஆனால் எதிரே கேமரா. பக்கத்தில் டி.வி-யில் பார்த்துப் பழகிய பெரிய டிசைனர். கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. சிலர் எதிர்த்து நின்றார்கள். பலர் முதலில் முணுமுணுத்துவிட்டு, பிறகு ரோலரைக் கையில் எடுத்தார்கள். சியாட்டில் வீட்டிலும் அதுதான் நடந்தது.

நொறுங்கிய டீபாட்கள்

பிரிட்டன் நிகழ்ச்சியில் நடந்தது இன்னும் மோசம். அங்கே ஒரு பெண்மணி பழங்கால டீபாட்களைச் சேகரித்து வைத்திருந்தார். மதிப்பு சுமார் 6,000 பவுண்டு. அதாவது, அறையை மாற்றக் கொடுத்த பட்ஜெட்டைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அந்தச் சேகரிப்பை எடுப்பாகக் காட்டுவதற்காக, மேற்கூரையிலிருந்து தொங்கும் அலமாரி ஒன்றை வடிவமைத்தார் டிசைனர் லிண்டா பார்க்கர். டீபாட்களோடு புத்தகங்களும் ஏறின. பாரம் தாங்கவில்லை. மொத்த அலமாரியும் சரிந்து விழுந்து, பல ஆண்டுச் சேகரிப்பு சில விநாடிகளில் சுக்குநூறானது.

பெயின்ட் பிடிக்கவில்லை என்றால் மேலே வேறு பெயின்ட் அடிக்கலாம். வைக்கோலைச் சுரண்டி எடுக்கலாம், நாள்கணக்கில் ஆகும் என்றாலும். சியாட்டில் கணப்பைக்கூட, மேலே போட்ட மறைப்பைக் கழற்றினால் உள்ளே செங்கல் அப்படியே இருக்கும். டீபாட் உடைந்தால் உடைந்ததுதான். இழப்பீட்டுப் பணம் கொடுத்தாலும் ஒவ்வொன்றையும் எந்தக் கடையில், எந்த ஊரில் வாங்கினோம் என்ற ஞாபகத்தைத் திரும்பக் கொடுக்க முடியாது. அந்தப் பெண்மணியிடம் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் 'சேஞ்சிங் ரூம்ஸ்' வரலாற்றின் மிகக் கனமான தருணம். இன்றும் லிண்டா பார்க்கரின் பெயரைச் சொன்னால், பிரிட்டனில் ஒரு தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது டீபாட்தான்.

கண் திறந்ததும் என்ன செய்வது?

கடைசி ஐந்து நிமிடம்தான் நிகழ்ச்சியின் உயிர். கண்ணை மூடிக்கொண்டு வருகிறார்கள். 'திறங்கள்' என்கிறார் தொகுப்பாளர். அந்த முதல் அரை விநாடியில் முகத்தில் தெரிவது மட்டும்தான் நிஜம். அடுத்த விநாடியில் நாகரிகம் வந்துவிடும். 'வாவ்' என்பார்கள். 'வித்தியாசமாக இருக்கிறது' என்பார்கள். 'எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் பாருங்கள்' என்று சொன்னால், பிடிக்கவில்லை என்று அர்த்தம். ரசிகர்கள் இந்த மொழியை நன்றாகக் கற்றுவைத்திருந்தார்கள்.

யாருக்காக இந்த நடிப்பு? டிசைனர் நாளைக்கு ஊருக்குப் போய்விடுவார். அவரைப் பகைத்துக்கொண்டால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இரண்டு நாள் தூக்கம் கெட்டு, விரலெல்லாம் பெயின்டாக நிற்கும் அந்தப் பக்கத்து வீட்டுத் தோழி மனம் நோகக் கூடாதே என்பதற்காகத்தான் இவ்வளவும். சியாட்டில் பெண் அறையைவிட்டு வெளியே போனதும்கூட அப்படித்தான் தோன்றுகிறது. கோபத்தைக் கொட்டவேண்டும் என்றால் அங்கேயே கொட்டியிருக்கலாம். யாருக்கும் தெரியாமல் அழத்தான் போனார். மைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

பேருந்து விலகியது, பக்கத்து வீடும் விலகியது

'டிரேடிங் ஸ்பேசஸ்' தச்சராக இருந்து புகழ்பெற்ற டை பென்னிங்டன், 2003 இறுதியில் ஏ.பி.சி சேனலின் 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' நிகழ்ச்சிக்குத் தலைமை ஏற்றார். அங்கே கதையே வேறு. கஷ்டப்படும் குடும்பத்துக்கு வீட்டையே புதிதாகக் கட்டிக்கொடுத்தார்கள். முன்னால் நிற்கும் பேருந்து விலகியதும் புது வீடு தெரியும். குடும்பமே கண்ணீர்விடும், நன்றியில்! அக்கம்பக்கத்தினர் அங்கே கைதட்டும் கூட்டம். நல்ல மனதோடு செய்த நிகழ்ச்சிதான். ஆனால், 'பிடிக்குமா, பிடிக்காதா' என்ற கேள்வி அதில் இல்லை. வீட்டையே இலவசமாக வாங்கியவர் சுவர் நிறம் பற்றிக் குறை சொல்வாரா?

அதே காலகட்டத்தில் பழைய நிகழ்ச்சிகள் களையிழந்தன. 'சேஞ்சிங் ரூம்ஸ்' 2004-ல் நின்றது. 'டிரேடிங் ஸ்பேசஸ்' 2005-ல் பேஜ் டேவிஸை நீக்கிவிட்டுத் தொகுப்பாளரே இல்லாமல் ஓட்டிப்பார்த்தது. எடுபடவில்லை. 2008-ல் அவரையே திரும்ப அழைத்தார்கள், அந்த ஆண்டோடு நிகழ்ச்சியும் முடிந்தது.

பிறகு பழைய ஞாபகம் விற்பனைக்கு வரும் காலம் வந்தது. 2018 ஏப்ரலில் 'டிரேடிங் ஸ்பேசஸ்' பேஜ் டேவிஸோடும், ஹில்டி, டக், வெர்ன் யிப் என்று பழைய டிசைனர்களோடும் திரும்பியது. பட்ஜெட் 2,000 டாலராக உயர்ந்திருந்தது. பிரிட்டனில் 2021-ல் 'சேஞ்சிங் ரூம்ஸ்' சேனல் 4-க்கு மாறி வந்தது. தொகுப்பாளர் டாவினா மெக்கால். லாரன்ஸ் லுவெல்லின் போவன் அதே மிடுக்கோடு மறுபடி ஆஜர்.

இந்தமுறை வந்தவர்களுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. வைக்கோல், மணல், டீபாட், கணப்பு என எல்லாக் கிளிப்பும் யூடியூபில் கிடைக்கிறது. பார்த்துவிட்டும் பெயர் கொடுத்தார்கள். சாவியைப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, சிரித்தபடியே எதிர் வீட்டுக்குள் போனார்கள்.