படத்துக்குள் இருக்கும் எமது பெயர்

ஊரில் எக்ஸ்ரே எடுத்தால் படத்தைப் பெரிய உறையில் இட்டுக் கையில் தருவார்கள். நாமும் அதைக் கொண்டு அடுத்த வைத்தியரிடம் போவோம். இங்கே குட்மேய்ஸில், பார்லி லேனில் உள்ள கிங் ஜோர்ஜ் வைத்தியசாலைக்குப் போய்வரும் எமது பெரியவர்கள், "படம் எங்கே?" என்று கேட்கிறார்கள். படம் கணனி வழியாகப் போய்விடுகிறது. அது சரியான ஆளின் கணக்கில் போய்ச் சேருவது எப்படி என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

தொழிற்சாலையில் பொதி கட்டும் எம்மவர்களுக்குத் தெரியும், லேபல் இல்லாத பெட்டி போய்ச் சேராது. மருத்துவப் படமும் அப்படித்தான். முன்பு ஒவ்வொரு கம்பனியின் இயந்திரமும் தன் பாட்டுக்கு ஒரு முறையில் படத்தைப் பதிந்தது. ஒன்றின் படத்தை மற்றதில் பார்ப்பது பெரும்பாடு. 1983இல் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியும் மின்சாதன உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து குழு அமைத்தன. 1985இல் முதலாவது பொதுவிதி வெளிவந்தது. 1993இல் அது 'டைக்கொம்' என்ற பெயருடன் விரிவாக்கப்பட்டது. பின்னர் கண், தோல் போன்றவற்றின் வண்ணப் புகைப்படங்களுக்கும் அதில் இடம் கிடைத்தது.

இந்த முறையில் படமும் லேபலும் ஒரே கோப்புக்குள் இருக்கும். பெயர், இலக்கம், பிறந்த திகதி, படமெடுத்த நாள், வலது கண்ணா இடது கண்ணா என்பதெல்லாம் அதிலே பதியப்படும்.

இதனால் தூரத்தில் இருக்கும் வைத்தியரும் நோயாளியைப் பார்க்காமலே படத்தைப் பார்த்துச் சொல்லலாம். 1976இல் 11 கட்டில்களுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை, 2000களின் நடுப்பகுதியில் தேனிப் பக்கத்துக் கிராமத்தவர்களைத் தொலைத்தொடர்பு மூலம் வைத்தியருடன் இணைத்தது. இங்கிலாந்திலும் நீரிழிவு உள்ள, 12 வயதும் அதற்கு மேற்பட்ட வயதும் உடையவர்களின் விழித்திரையைப் படமெடுத்து, பயிற்சி பெற்றவர்கள் பின்னர் அதைப் பரிசோதிக்கிறார்கள். நீரிழிவு கண்ணைக் கெடுக்கும்போது தொடக்கத்தில் நோவும் இராது, பார்வையும் குறையாது. படம்தான் காட்டிக்கொடுக்கும்.

எமக்குச் சிக்கல் பெயரில்தான். டைக்கொம் விதியில் குடும்பப் பெயருக்கு ஓர் இடம், சொந்தப் பெயருக்கு வேறோர் இடம். எமக்கோ குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரே முன்னால் நிற்கிறது. ஓரிடத்தில் இராசையா சிவகுமார், இன்னோரிடத்தில் சிவகுமார் இராசையா என்று பதிந்தால் ஒருவரே இருவர் ஆகிவிடலாம். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாமற் போனால் நோய் முற்றுவது தெரியாது.

எனவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. எல்லா இடத்திலும் ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒரே பிறந்த திகதியையும் கொடுப்போம். 10 இலக்கங்கள் கொண்ட என்.எச்.எஸ். எண்ணை எழுதிக் கைப்பையில் வைப்போம். வீடு மாறினால் உடனே ஜீ.பீ.யிடம் அறிவிப்போம், கண் பரிசோதனைக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போகக்கூடாது. கைத்தொலைபேசியில் எடுத்த தோல் படம் அனுப்பும்போது, எந்தப் பக்கம், எத்தனை நாளாக என்று சேர்த்து எழுதுவோம். அளவு தெரிய அருகில் ஓர் அடிமட்டத்தை வைப்போம். மொழி தெரியாவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் மறிக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் காசு இல்லை.

இன்றே வீட்டிலுள்ள பெரியவர்களின் வைத்தியசாலைக் கடிதங்களை எடுத்து, எல்லாவற்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள்.