நினைப்பு இருக்கு, நடக்க மாட்டேங்குது

மூணாவது வருஷம் முடிஞ்சதுமே கேட் தேர்வுக்குப் படிக்கிறதா முடிவு பண்ணேன். புத்தகம் வாங்கினேன், டெலிகிராம் குரூப்ல சேர்ந்தேன். நவம்பர் வரைக்கும் முதல் பாடத்தையே தாண்டல. உங்க அலமாரியிலயும் அப்படி ஒரு புத்தகம் இருக்கும்.

சோம்பேறித்தனம்னு அம்மா சொன்னாங்க. உளவியல் வேற மாதிரி சொல்லுது.

ஐசெக் ஐசென் என்ற உளவியலாளர் 1991-ல் எழுதின கட்டுரையில் ‘திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு’ என்பதை விளக்குறார். ஒரு செயலைச் செய்யும் எண்ணம் மூணு விஷயங்களால உருவாகுது: அது நல்லதுன்னு நாம நினைக்கிறோமா, நமக்கு முக்கியமானவங்க அதை எதிர்பார்க்கிறாங்களா, அது நம்மால முடியும்னு நம்புறோமா. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்க பிளாக் டயகிராம் போட்டுப் பாருங்க. மூணாவது பெட்டியிலிருந்து மட்டும் ரெண்டு அம்பு கிளம்பும். ஒண்ணு எண்ணத்துக்கு, இன்னொண்ணு நேரா செயலுக்கு. முதல் செமஸ்டர் மேத்ஸ்ல அரியர் வச்ச எனக்கு அந்தப் பெட்டிதான் காலி.

சரி, எண்ணம் வலுவா இருந்தா போதுமா? போதாது. 2002-ல் மில்ன், ஆர்பெல், ஷீரன் மூணு பேரும் பிரிட்டனில் மாணவர்களை வச்சு ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. அடுத்த வாரத்துல ஒரு தடவையாவது 20 நிமிஷம் உடற்பயிற்சி செய்யணும், அவ்வளவுதான். எதுவும் சொல்லாம விட்ட குழுவில் 38% பேர் செஞ்சாங்க. இதயநோய் பற்றிப் படிக்கக் கொடுத்த குழுவில் செய்யணும்கிற எண்ணம் கூடுச்சு, ஆனா செஞ்சவங்க 35%தான்! அதையும் படிச்சு, கூடவே எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்துலன்னு எழுதிக் கொடுத்த குழுவில் 91%. அவங்களே சொன்ன கணக்குதான், கொஞ்சம் கழிச்சுக்கலாம். அப்படியும் பெரிய வித்தியாசம். மோட்டிவேஷன் வீடியோ பார்த்தே ராத்திரியை ஓட்டுறவங்க அந்த 35-ஐ இன்னொரு தடவை படிங்க.

இப்படி ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’னு முன்கூட்டியே கட்டி வைக்கிறதைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர் ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். நேரமும் இடமும் வந்ததும் யோசிக்க வேண்டிய வேலை மிச்சம் இருக்காது. ஆனா எண்ணமே இல்லாத விஷயத்துக்கு இது உதவாது.

டிசம்பர் முதல் தேதி நோட்டுல எழுதினேன்: “மெஸ்ல தட்டு கழுவினதும் ரூமுக்குப் போகாம நேரா லைப்ரரி. முதல்ல லீனியர் அல்ஜீப்ரா.” அந்த மாசம் 19 நாள் போனேன். தேர்வு எப்படிப் போச்சுன்னு மட்டும் கேட்காதீங்க, ரெண்டு மாசத்துல முடியற சிலபஸ் இல்ல அது. ஆனா ஐகன் வேல்யூ கணக்கு வந்தா இப்போ பக்கத்தைத் திருப்புறதில்ல.