பிட்யூட்டரி கட்டி: 3 சதவீதம் சொல்வதும் சொல்லாததும்

புது தில்லி: மூளையின் அடியில், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை பிற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. ஆயினும் சில, அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரும் மீண்டும் வளர்ந்து பார்வையைப் பாதிக்கின்றன. அவற்றை இனங்காண மருத்துவர்கள் நாடுவது 'கேஐ-67' என்ற புரதத்தை. பிரியும் செல்களில் அது இருக்கும். ஓய்வு நிலையில் உள்ளவற்றில் இராது. ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறியப்பட்டதால் இப்பெயர்.

3 சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் இப்புரதம் காணப்படுவதை, 'இயல்பற்ற கட்டி'யின் அடையாளங்களுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் 2004-ல் வகைப்படுத்தியது. கட்டி மீண்டும் வளருமா என்பதை அப்பிரிவு நம்பகமாக உணர்த்தாததால், 2017-ல் அப்பெயரே கைவிடப்பட்டது. கேஐ-67 பரிசோதனை மட்டும் நீடிக்கிறது.

சிக்கல் எண்ணுவதில்தான். நுண்ணோக்கியில் எந்தப் பகுதி எண்ணப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரே கட்டிக்கு 2 சதவீதமும் வரலாம், 4 சதவீதமும் வரலாம். உடனே கதிர்வீச்சு அளிப்பதா, எம்ஆர்ஐ எடுத்துக் காத்திருப்பதா என்ற முடிவு இதனால் மாறக்கூடும். சிகிச்சைக்காகத் தலைநகருக்கு ரயிலேறி வரும் வெளிமாநில நோயாளிக்கு இது சிறிய வேறுபாடல்ல. எனவே செல் பிரிதல் எண்ணிக்கை, ஹார்மோன் வகை, அருகிலுள்ள எலும்பில் ஊடுருவல் ஆகியவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டியுள்ளது. 'தீங்கற்றது' என்ற ஒற்றைச் சொல்லுடன் முடியும் ஆய்வக அறிக்கை, அடுத்த மருத்துவருக்கு இவற்றில் எதையும் தெரிவிப்பதில்லை.