மினுக்கியும் கயலின் பிறழ்ச்சியும்

நீலக் கடலில் மூச்சடக்கி மூழ்கி ஈட்டியால் மீன் குத்துவோர், தம் மிதவையின் கீழே ஒரு கயிற்றில் பளபளக்கும் தகடுகளைக் கோத்துத் தொங்கவிடுவதுண்டு. ஆங்கிலேயர் இதனை 'ஃபிளாஷர்' என்பர். தமிழில் மினுக்கி எனலாம். இதில் இரை இல்லை, தூண்டில் முள் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடித் துண்டு, மெருகேற்றிய எஃகுத் தகடு, பழைய குறுந்தட்டு எனக் கிடைத்தவையெல்லாம் இதற்கு உறுப்பாகும். அடியில் ஒரு குண்டு கட்டுவர். கயிற்றைச் சுண்டினால் தகடுகள் சுழன்று விட்டு விட்டு ஒளிரும். வாய்ப்பிருந்தால், சற்று நேரத்தில் எங்கிருந்தோ வஞ்சிரமோ சூரையோ வந்து சுற்றும்.

இக்காட்சியை இன்று கைப்பேசியிலேயே காணலாம். கண்டதும் காப்பார்க் கரையிலும் முயன்று பார்க்கும் எண்ணம் எழுதல் இயல்பே. அதற்குமுன், அத்தகடு மீனை ஏன் இழுக்கிறது என்று அறிதல் வேண்டும்.

மீன் பளபளப்பை விரும்புகிறது என்பது விடையாகாது. நெத்தலியும் சாளையும் உடல் முழுதும் பளபளப்பானவையே. அது ஒன்றே காரணமாயின் அவ்வினங்கள் என்றோ அழிந்திருக்கும். எரிக் டென்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1960களில் நிக்கோல் என்பாருடன் செய்த ஆய்வுகள் இதனை விளக்கின. வெள்ளி நிற மீன்களின் தோலிலும் செதிலிலும் குவானின் என்னும் பொருளாலாய மெல்லிய படிகங்கள் அடுக்கடுக்காக உள்ளன. மீன் நிமிர்ந்து நீந்தும்போது அவை செங்குத்தாக நிறுத்திய கண்ணாடிபோல் அமைகின்றன. கடலுக்குள் பக்கவாட்டில் வரும் ஒளி, எதிரெதிர்த் திசைகளில் ஏறத்தாழ ஒரே அளவினது. ஆதலின் அக்கண்ணாடி காட்டும் நீரும் மீனுக்குப் பின்னால் உள்ள நீரும் ஒன்றுபோலத் தோன்றும். இடையில் மீன் இருப்பதே தெரியாது. அதன் வெள்ளி உடல் ஒளிந்துகொள்ளும் போர்வையேயன்றி அணிகலன் அன்று.

அடிபட்டோ, அஞ்சி ஓடியோ, இரை கவ்வத் திரும்பியோ அம்மீன் ஒரு கணம் சாய்ந்தால் நிலைமை மாறிவிடும். மேலிருந்து விழும் ஒளி பக்கத்து ஒளியினும் மிக வலியது. அது சாய்ந்த உடலிற்பட்டு 'பளிச்'செனத் தெறிக்கும். 'இங்கே ஒரு மீன் நிலைதவறியது' என்பதே அவ்வொளி தரும் செய்தி. பெருமீன் தேடி வருவது இதனையே. மினுக்கி இச்செய்தியைப் பொய்யாகச் சொல்லும் கருவி, அவ்வளவுதான்.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தே ஒரு சொல் நினைவுக்கு வரும். கயல் 'பிறழும்' என்பது இலக்கிய வழக்கு. பிறழ்தல் என்பது நிலை மாறுதல். ஒளிவிடுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. இவ்விரண்டும் ஒரே சொல்லில் சேர்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. மீன் புரளும்போதுதான் ஒளிரும். மகளிர் கண்ணுக்குக் கயலை உவமை கூறுமிடத்து வடிவத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது போதாது. புரளும் கணத்தில் தோன்றி மறையும் அம்மின்னலையும் மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

பசிபிக் தீவினரும் இக்கருத்தை நெடுங்காலத்துக்கு முன்னரே கையாண்டனர். முத்துச் சிப்பியின் ஒளிரும் ஓட்டைச் செதுக்கித் தூண்டிலாக்கி, ஓடும் தோணியின் பின்னே இழுத்துச் சூரை பிடித்தனர். நிறம் பூசிய தகட்டினும் வெள்ளித் தகடு சிறந்தமைக்குக் காரணமும் உண்டு: நீரில் ஆழம் செல்லச் செல்லச் செந்நிறமே முதலில் மங்கிவிடும்.

மினுக்கி வஞ்சிரத்தை மட்டும் அழைப்பதில்லை. சீலாவும் சுறாவும் வரும். அதனினும் பெரிய இடர் மூழ்குவோனின் மூச்சில் இருக்கிறது. தகடு ஆட, மீன் தொலைவில் வட்டமிட, 'இன்னும் ஒரு நொடி' என்று அவன் காத்திருப்பான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்கு. குறைந்த உயிர்வளியும் அங்கே மூளைக்குப் போதியதாக இருக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, நீர்மட்டத்தை நெருங்கும்போது முன்னறிவிப்பின்றி நினைவு தப்பும். மூழ்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கியவனுக்கு அபாயம் மிகுதி. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது கரியமிலவாயு, அதையோ அவன் முன்னரே வெளியேற்றிவிட்டான். ஒருவர் மூழ்க மற்றொருவர் மேலிருந்து கண்காணிக்க வேண்டும் என்ற விதி இதனாலேயே ஏற்பட்டது.

கிள்ளானுக்கு வடக்கேயுள்ள காப்பார்க் கடலில் அவ்விதியைக் காக்க இயலுமா? அலையாத்திக் காடும் சேற்று வெளியுமான கரை அது. வண்டல் கலந்த நீரில் துணைவனையே காண்பது அரிது; தகட்டின் ஒளி தொலைவு செல்லாது. நீர் தெளிந்த ரெடாங், தியோமான், பாயார் முதலிய தீவுகளுக்குப் போகலாமே எனின், அவை கடற்பூங்காக்கள். 1994ஆம் ஆண்டு ஆணையின்படி அத்தீவுகளைச் சூழ்ந்த இரண்டு கடல் மைல் எல்லைக்குள் அனுமதியின்றி மீன் பிடித்தல் குற்றம்.

கலங்கல் நீரில் வாழும் மீனுக்குக் கண்ணைவிடப் பிற புலன்கள் பெரிது. மலாய்க்காரர் 'செம்பிலாங்' என்னும் கெளிறு மீசையால் தடவி இரை தேடும். 'கெலாமா' எனப்படும் கத்தாழை ஒலியெழுப்பும். அவ்வொலியைக் கேட்டே மீன் பிடித்த வல்லுநர் இந்நாட்டின் கிழக்குக் கரையில் இருந்தனர். 'ஜூரு செலாம்' என்று பெயர். 1939-40இல் கிளந்தானில் தங்கி ஆராய்ந்த ரேமண்ட் ஃபர்த், 1946இல் வெளியிட்ட நூலில் இவர்களைப் பற்றி எழுதியுள்ளார். ஜூரு செலாம் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நீரில் இறங்கி, தலையை அமிழ்த்திக் காது கொடுப்பார். வந்துள்ளது எவ்வகை மீன், வலை இறக்கலாமா என்று அவர் சொல்ல, மற்றவர் அதன்படி செய்வர். தென்னங்கீற்றுக் கட்டி நிறுத்திய 'உஞ்சாங்' நிழலில் மீன் கூடியிருக்கிறதா என்றறியவும் இதுவே வழி.

கத்தாழையின் ஒலி வாயிலிருந்து வருவதன்று. காற்றுப்பையை ஒட்டிய தசைகள் விரைந்து சுருங்க, பை மத்தளம்போல் அதிரும். பிடித்துப் படகில் போட்ட பின்னும் அது சிறிது நேரம் முனகுவதைக் கேட்கலாம்.