படமில்லாத சுவர்களும் வரவிருக்கும் ஒன்பது முகங்களும்

1939 அக்டோபர் 10. லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தின் வடக்கு ஓரத்தில் நிற்கும் நேஷனல் கேலரியின் வாசலில் மதியம் ஒரு மணிக்கு முன்பே நீண்ட வரிசை. உள்ளே போனால் பார்க்க ஓவியங்கள் கிடையாது. போர் அறிவிப்பு வருவதற்கு முன்பே படங்களைக் கழற்றி, பெட்டிகளில் அடைத்து, வெளியூர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். வெற்றுச் சுவர்களும் காலிச் சட்டங்களும் மட்டுமே மிச்சம். ஆனாலும் சுமார் ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து உள்ளே நுழைந்தார்கள். பியானோ கேட்பதற்காக.

குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவில் நகரமே விளக்கை அணைத்திருந்த காலம் அது. இசை அரங்குகள் மூடிக் கிடந்தன. பியானோ கலைஞர் மைரா ஹெஸ், கேலரியின் இயக்குநர் கென்னத் கிளார்க்கைச் சந்தித்து, எப்போதாவது ஒரு கச்சேரி நடத்த இடம் தர முடியுமா என்று கேட்டார். கிளார்க்குக்கு அப்போது 36 வயது. எப்போதாவது எதற்கு, தினமும் நடத்தலாமே என்று அவர் சொல்லிவிட்டார். திங்கள் முதல் வெள்ளி வரை மதிய உணவு இடைவேளையில் கச்சேரி. அலுவலக எழுத்தர்கள், தாதியர், சீருடையில் இருந்த சிப்பாய்கள் என்று பலரும் வந்தார்கள். இருக்கை கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். சாண்ட்விச்சும் விற்றது.

கட்டடத்தின் மீது பலமுறை குண்டு விழுந்தது. அப்போதெல்லாம் கச்சேரியை வேறு அறைக்கு மாற்றினார்கள். ஒருமுறை வெடிக்காமல் கிடந்த குண்டு, கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே கட்டடத்தின் இன்னொரு பகுதியில் வெடித்தது. வாசித்தவர்கள் நிறுத்தவில்லை. 1946 ஏப்ரல் வரை மொத்தம் 1,698 கச்சேரிகள், எட்டு லட்சத்துக்கும் அதிகமான ரசிகர்கள். ஒரு கலைக்கூடத்தின் ‘பொது நிகழ்ச்சிகள்’ என்று இன்று சுவரொட்டியின் அடியில் சின்ன எழுத்தில் அச்சாகும் சமாசாரத்துக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை அந்த ஆறரை ஆண்டுகள் காட்டிவிட்டன.

படங்கள் எங்கே போயின? 1941 முதல் அவை வேல்ஸின் மலைப் பகுதியில், மானட் என்ற கற்பலகைச் சுரங்கத்தின் ஆழத்தில், செங்கல் அறைகளுக்குள் பத்திரமாக இருந்தன. வான் டைக் வரைந்த குதிரை மீதமர்ந்த முதலாம் சார்லஸ் மன்னரின் படம் மிகப் பெரியது. அதை ஏற்றி வந்த வண்டி ஒரு ரயில் பாலத்தின் கீழே நுழைவதற்காகச் சாலையையே தோண்டித் தாழ்த்தினார்கள். பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம். ஆனால் லண்டன்வாசிகளுக்கு அது போதவில்லை. 1942 ஜனவரியில் டைம்ஸ் நாளிதழில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. ரெம்ப்ராண்ட் ஓவியம் ஒன்றைக் கேலரி புதிதாக வாங்கியிருக்கிறது, நகரமே இடிந்து கிடக்கும் இந்த நேரத்தில் அழகான ஒன்றைப் பார்க்கும் தேவை முன்னைவிட அதிகமாக இருக்கிறது, எங்கள் கண்ணில் காட்டுங்கள் என்பது அதன் சாரம்.

கிளார்க் அந்தக் கோரிக்கையை ஏற்றார். ‘மாதம் ஒரு படம்’ என்று ஒரு திட்டம் பிறந்தது. சுரங்கத்திலிருந்து ஒரே ஒரு ஓவியம் லண்டனுக்கு வரும். பகலில் மாட்டுவார்கள், இரவில் பாதுகாப்பறைக்கு இறக்குவார்கள். அந்த வரிசையில் முதலில் வந்தது டிஷியன் வரைந்த ‘நோலி மி டாங்கெரெ’. உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாள் தோட்டத்தில் காணும் காட்சி. அந்த ஒற்றைப் படத்தின் முன்னால் நிற்க மக்கள் திரண்டார்கள். பல நூறு படங்களைக் கடந்து போகும் கண்ணுக்குக் கிடைக்காத நிதானம் அந்த ஆண்டுகளில் லண்டன் மக்களுக்கு வாய்த்தது. மாதம் ஒரு படத்துக்குத் தனி இடம் தரும் வழக்கம் கேலரியில் பின்னாளிலும் தொடர்ந்திருக்கிறது.

இதெல்லாம் போர்க்கால அவசரத்தில் திடீரென்று தோன்றிய தாராளம் அல்ல. இந்தக் கேலரியின் பிறப்பே வேறு மாதிரி. ஐரோப்பாவின் பல பெரிய கலைக்கூடங்கள் அரண்மனைச் சேகரிப்புகளிலிருந்து வளர்ந்தவை. இங்கே 1824-ல், ஆங்கர்ஸ்டைன் என்ற வங்கியாளரிடம் இருந்த 38 ஓவியங்களை நாடாளுமன்றம் 57,000 பவுண்டுக்கு வாங்கி, அவர் வாழ்ந்த வீட்டிலேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இன்றைய கட்டடம் 1838-ல் வந்தது. மேற்கே இருந்த செல்வந்தர்கள் வண்டியிலும் கிழக்கே இருந்த ஏழைகள் நடந்தும் வரக்கூடிய இடம் என்பதால்தான் ட்ரஃபால்கர் சதுக்கம் தேர்வானது. பிறகு நிலக்கரிப் புகையும் கூட்டத்தின் புழுதியும் படங்களைக் கெடுக்கின்றன, கென்சிங்டனுக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. 1857-ல் இதை ஆராய்ந்த குழுவிடம் நீதிபதி கோல்ரிட்ஜ் தன் கருத்தைச் சொன்னார். படங்கள் இருப்பது மட்டுமே நோக்கம் அல்ல, மக்களுக்கு உயர்ந்த மகிழ்ச்சி தருவதற்கான வழிதான் அவை என்பது அவர் வாதம். கேலரி இடம் மாறவில்லை. அந்த வாதத்தை இன்றும் எந்தக் கலைக்கூடத்தின் வாசலிலும் எழுதி வைக்கலாம்.

சேகரிப்பைப் பார்க்க இப்போதும் கட்டணம் இல்லை. 2,300-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். தினமும் காலை 10 முதல் மாலை 6 வரை, வெள்ளிக்கிழமைகளில் இரவு 9 வரை. லண்டனில் வாழும் அல்லது அங்கே பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தமிழர்களுக்கு இது உதவும் தகவல். ஒரே நாளில் முழுவதையும் பார்த்து முடிக்க நினைக்க வேண்டாம். மழைக்கு ஒதுங்குகிற அரை மணி நேரத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரலாம்.

பள்ளிகளுக்கென்று ‘டேக் ஒன் பிக்சர்’ என்ற திட்டம் 1995 முதல் நடக்கிறது. தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு படம் கொடுக்கப்படும். அதை வைத்துப் பிள்ளைகள் கதை எழுதலாம், துணி நெய்யலாம், மண்ணில் உருவம் செய்யலாம், பாட்டுக் கட்டலாம். தேர்வாகும் ஆக்கங்கள் கேலரியிலேயே காட்சிக்கு வருகின்றன. எட்டு வயதில் தன் கைவேலையை அந்தக் கூரையின் கீழ் பார்த்த பிள்ளைக்கு அந்த இடம் அந்நியமாகவே இருக்காது.

2024-ல் இருநூறாவது ஆண்டு. விழா என்றால் எல்லோரையும் தலைநகருக்கு வரவழைப்பதுதான் வழக்கம். கேலரியோ மே 10 அன்று தன் புகழ்பெற்ற 12 ஓவியங்களை வெளியூர்களுக்கு அனுப்பிவைத்தது. கான்ஸ்டபிளின் ‘ஹே வெய்ன்’ பிரிஸ்டலுக்கு, கரவாஜியோவின் ‘எம்மாவூசில் இரவுணவு’ பெல்ஃபாஸ்ட்டுக்கு, டர்னரின் ‘ஃபைட்டிங் டெமரேர்’ நியூகாசிலுக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய வான்கோ கண்காட்சியை 3 லட்சத்து 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். கடைசி வெள்ளிக்கிழமை விடிய விடியக் கதவு திறந்தே இருந்தது.

அந்தக் கண்காட்சியில் ஒரு சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடுவில் ‘தாலாட்டுபவள்’ என்ற பெண்ணின் உருவம், இருபுறமும் சூரியகாந்திப் படங்கள் என்று மாட்ட வேண்டும் என வான்கோ 1889-ல் தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் கோட்டுப்படமே போட்டிருந்தார். அவர் வாழ்நாளில் அது நடக்கவில்லை. பாஸ்டனிலிருந்து அந்தப் பெண்ணும், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு சூரியகாந்தியும் கடல் கடந்து வர, லண்டனின் சொந்த சூரியகாந்தியோடு மூன்றும் அந்த வரிசையில் நின்றன. தற்காலிகக் கண்காட்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. சிதறிக் கிடக்கும் படங்கள் சில மாதங்களுக்கு ஒரே சுவரில் கூடுகின்றன. பிறகு அந்தச் சேர்க்கை கலைந்துவிடும்.

2026-ன் பட்டியலும் கனமானது. வசந்த காலத்தில் குதிரை ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். குதிரையின் உடலைத் தன் கையால் அறுத்து, எலும்பும் தசையுமாகப் படித்தவர் அவர். மே மாதம் 17-ம் நூற்றாண்டு ஸ்பெயினின் சுர்பரான், பாரிஸின் லூவ்ர் மற்றும் சிகாகோ கலைக்கூடத்தோடு சேர்ந்து. அக்டோபரில் ரெனுவார்.

நவம்பரில் தொடங்கி 2027 ஏப்ரல் வரை நடக்கவிருப்பதுதான் ஆவலைக் கிளப்புவது: யான் வான் ஐக் வரைந்த உருவப்படங்கள். எண்ணெய் வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று பூசி, தோலின் சுருக்கத்தையும் கண்ணின் ஈரத்தையும் கொண்டுவந்த பிளாண்டர்ஸ் கலைஞர். 1441-ல் இறந்தார். அவர் ஓவியங்கள் என்று இன்று உறுதியாகச் சொல்லக்கூடியவை இருபதை ஒட்டியே இருக்கும். அவற்றில் உருவப்படங்கள் ஒன்பது. அந்த ஒன்பதும் முதன்முறையாக ஒரே இடத்தில் கூடவிருக்கின்றன. மூன்று லண்டனின் சொந்தம். 1434-ம் ஆண்டின் அர்னோல்ஃபினி தம்பதி படமும், சிவப்புத் தலைத்துணி கட்டிய மனிதரின் 1433-ம் ஆண்டுப் படமும் அவற்றில் அடக்கம். அந்தத் தலைத்துணிக்காரர் வான் ஐக்கேதான் என்று கருதுவோர் உண்டு.

இந்தப் படங்களை ஒன்று சேர்ப்பது எளிதல்ல. அவை ஓக் மரப்பலகையில் வரைந்தவை. காற்றின் ஈரப்பதம் மாறினால் பலகை வளையும், வண்ணம் உதிரும். அதனால் உரிமையாளர் ஒவ்வொருவரும் தயங்குவார்கள். காலநிலை கட்டுப்படுத்திய பெட்டி, உடன் பயணிக்கும் பொறுப்பாளர், அனுப்பும்போதும் வந்து சேரும்போதும் அங்குலம் அங்குலமாகச் சோதித்து எழுதும் அறிக்கை, கோடிக்கணக்கான மதிப்புக்குக் காப்பீடு. பெரிய கடன் படங்களுக்கான இழப்பீட்டுப் பொறுப்பைப் பிரிட்டனில் அரசே ஏற்கும் திட்டம் இருப்பதால்தான் இத்தகைய கண்காட்சிகள் சாத்தியமாகின்றன.

ஒரு குறை உண்டு. சேகரிப்பு இலவசம், ஆனால் இந்தப் பெரிய கண்காட்சிகளுக்குக் கட்டணம். குடும்பமாகப் போனால் கணிசமான தொகை ஆகும். செலவைப் பார்த்தால் காரணம் புரிகிறது. ஆனாலும் ஒரு ஷில்லிங் கச்சேரியின் வீடு இது என்பதால் எதிர்பார்ப்பு கூடுதலாக இருப்பது நியாயம்தான். அண்மை ஆண்டுகளில் சில கண்காட்சிகளுக்கு வெள்ளிக்கிழமை மாலைகளில் விரும்பிய தொகையைக் கொடுத்து நுழையும் ஏற்பாடு இருந்தது. வான் ஐக்குக்கும் அப்படி ஒரு மாலை அமைந்தால் அந்த ஒன்பது முகங்களை இன்னும் பலர் பார்ப்பார்கள்.